வியாழக்கிழமைத் தாள்

நகல் இயந்திரம் சூடேறும்வரை
நான் கோட்டைக் கழற்றுவதில்லை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கொடிக்கம்பத்துக் கயிறு
இரும்பில் மோதி மோதி யாரையோ கூப்பிடுகிறது.

இந்த வாரம் வீடுகளுக்குச் சொல்ல வேண்டியவை:
மைனஸ் இருபத்தெட்டுக்குக் கீழே போனால்
இடைவேளை உள்ளேதான்.
பனிக்காலணியில் பெயர் எழுதி அனுப்புங்கள்,
இரண்டிலும் எழுதுங்கள்.
போன வருடம் மிஞ்சிய ஏழும் இடது கால்.
நான்காம் பேருந்து, ஓக்கிமாவின் முழங்கால் ஆறும்வரை,
பதினைந்து நிமிடம் பிந்தி வரும்.
முழங்காலையெல்லாம் போடாதே என்றார்
தலைமையாசிரியை லவலே.
ஊருக்கே தெரிந்த முழங்கால் என்றேன். போட்டுவிட்டேன்.

பேன் பற்றி எழுதத்தான் நேரம் பிடிக்கும்.
'சில மாணவர்களின் தலையில்' என்று தொடங்கினால்
யார் வீட்டுத் தலை என்று தொலைபேசி அலறும்.
'ஒரு வகுப்பில்' என்றாலும் அதே கதை,
இருப்பதே மூன்று வகுப்பு.
எழுதி அழித்து எழுதி அழித்துக் கடைசியில்
'சீப்பு அலுவலகத்தில் இலவசம்.'
புரிகிறவர்களுக்குப் புரியும்.

முப்பத்தெட்டுக் குடும்பம், முப்பத்தொன்பது தாள்.
மிகையான அந்த ஒன்று ஆன்ஸெலுக்கு.
இரண்டாம் வகுப்பு, முன்பல் இரண்டும் இல்லை.
வியாழன்வரை அம்மா வீடு, தானியக் கிடங்கின் பின்புறம்.
மிச்ச நாள் அப்பா வீடு, பொட்டாஷ் சுரங்கச் சாலையில்.
பையின் முன்னறையில் ஒன்று, பின்னறையில் ஒன்று,
இரண்டு மாட்டுக்கும் ஒரே அளவு தீவனம் வைப்பவனைப்போல்
ஓரம் பார்த்து மடித்து வைப்பான்.

சென்ற வியாழன் இரண்டை நீட்டினேன்.
ஒன்றைத் திருப்பித் தந்தான்.
"ஒண்ணு போதும்."

ஏன் என்று நாக்கு நுனிவரை வந்தது.
இந்த மேசையில் பதினெட்டு வருடம்.
சரி என்றேன். மணி அடித்தது.

சேர்ந்துவிட்டார்களோ?
அல்லது, சுரங்கத்தில் இரவு ஷிப்டை நிறுத்தியதிலிருந்து
மேற்கே ஆல்பர்ட்டா பக்கம் போகிற டிரக்குகளில்
அவன் அப்பாவுடையதும் ஒன்றோ?
இழுப்பறையில் அவனுடைய அட்டையை எடுத்துப் பார்த்தேன்.
அவசரத்துக்கு அழைக்க இரண்டு எண்.
அம்மாவுடையது பேனாவில்.
அப்பாவுடையது பென்சிலில்.

அதனால்தான், ஒத்துக்கொள்கிறேன்,
இந்த வாரத் தாளின் அடியில் அந்த வரி:
'தங்கள் முகவரியிலோ தொலைபேசியிலோ மாற்றமிருப்பின்
அலுவலகத்துக்கு உடனடியாகத் தெரியப்படுத்தவும்.'
செப்டம்பரில் போடுகிற வரி. இது ஜனவரி.
முப்பத்தெட்டுக் குடும்பத்தைக் கேட்பதுபோல்
ஒரு குடும்பத்தைக் கேட்டேன்.

மூன்று இருபதுக்கு அலுவலகக் கதவு திறந்தது.
முதலில் குளிர் வந்தது, பின்னால் ஆன்ஸெல்.
தாளை மேசைமேல் விரித்து, கையுறையைப் பல்லால் கழற்றி,
கடைசி வரியில் விரலை வைத்தான்.
"இது என்ன வார்த்தை?"

தெரியப்படுத்தவும், என்றேன்.
"தெரியப்... படுத்தவும்."
பல் இல்லாத இடத்தில் காற்று ஓடியது.
இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.
"அப்பா இப்ப முகாம்ல இருக்காரு.
வியாழக்கிழமை ராத்திரி போன்ல படிச்சுக் காட்டணும்.
நடுவுல திக்கினா, சிக்னல் போயிடுச்சுன்னு நினைச்சு
ஹலோ ஹலோம்பாரு."

பேருந்து வந்திருந்தது, பதினைந்து நிமிடம் பிந்தி.
ஓடினான். வலது கையுறை என் மேசையிலேயே கிடந்தது.
பெயர் எழுதவில்லை.

அடுத்த வாரத் தாளை இப்போதே தொடங்கிவிட்டேன்.
எழுத்து இரண்டு புள்ளி பெரிது.
'தெரியப்படுத்தவும்' போய் 'சொல்லுங்கள்' வந்திருக்கிறது.
பேனுக்கு மூன்று வரி, கொஞ்சம் சிரிப்பு வருகிறமாதிரி.
எதற்கு இது என்று லவலே கேட்டார்.
காகிதம் மிச்சம் என்றேன்.

ஓக்கிமாவின் முழங்காலுக்குத் தனியாக ஒரு பத்தி:
வீக்கம் வடிந்திருக்கிறது,
படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் வலி.
ஊருக்குத் தெரிந்த சங்கதிதான்.
ஊரில் இல்லாதவரும் கேட்பாரே.